விளக்கு எரியும்போது தட்டக்கூடாது

நேற்று விடியற்காலையில் உங்களில் யாரோ ஒருவர் எழுந்து வந்து என் அறைக் கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனார். கிழவன் முழங்காலில் இருக்கிறான், பனி உள்ளே வருகிறது, சளி பிடித்துவிடும் என்ற நல்ல எண்ணம்தான். நான் எழுந்து மறுபடி திறந்து வைத்தேன். தேநீர் குடிக்கும்போது, "ஐயா இந்தக் குளிரிலும் கதவைத் திறந்து வைத்து ஜெபிக்கிறார், எவ்வளவு கட்டுப்பாடு பாருங்கள்" என்று ஒருவர் மற்றவரிடம் சொன்னது காதில் விழுந்தது. எனக்குப் பல் போய்விட்டது, காது போகவில்லை. கட்டுப்பாடு என்ற வார்த்தையைக் கேட்டதும் வாயில் இருந்த தேநீர் இறங்க மறுத்தது.

அதனால் இன்று பேசச் சொன்னதை ஓரமாக வைத்துவிட்டு இதைச் சொல்கிறேன். நீங்கள் தோட்டங்களுக்கு உபதேசியார்களாகப் போகப்போகிறீர்கள். பிரசங்கம் செய்வது, ஞாயிறு பள்ளி நடத்துவது, கங்காணிமாரோடு சண்டை வராமல் பார்த்துக்கொள்வது எல்லாவற்றையும் மற்றவர்கள் என்னைவிட நன்றாகச் சொல்லித் தருவார்கள். நான் சொல்லப்போவது எனக்கு மட்டுமே தெரிந்த ஒரு வெட்கக்கேடு. மேடையில் நின்று சொல்லத் தைரியம் இல்லை. உட்கார்ந்தபடியே சொல்கிறேன்.

முப்பதுகளின் தொடக்கம். தேயிலை விலை விழுந்து, பல தோட்டங்களில் ஆள் குறைப்பு நடந்துகொண்டிருந்த நேரம். திருநெல்வேலியிலிருந்து இலங்கைக்குக் கப்பலேறி வந்த இளைஞன் நான். ஹட்டனுக்கு மேலே இருந்த ஒரு தோட்டத்தில் என்னை விட்டார்கள். என்னை அனுப்பிய குருவானவர் அதிகம் பேசாதவர். ஹட்டன் ஸ்டேஷனில் என் தகரப்பெட்டியைத் தானே தூக்கி இறக்கி வைத்துவிட்டு, "பெரட்டுத் தப்பு அடிக்கிறதுக்கு முன்னாடி எழுந்து ஜெபம் பண்ணுங்க. அது போனா மத்தது எல்லாம் போயிரும்" என்றார். அவ்வளவுதான் அவர் சொன்னது. விடிவதற்கு முன் தப்படித்து ஆட்களை வேலைக்குக் கூப்பிட்டு வரிசையில் நிறுத்துவார்களே, அதுதான் பெரட்டு. அந்தச் சத்தத்துக்கு முன் நான் எழுந்துவிட வேண்டும்.

எழுந்தேன். பொய் சொல்லக்கூடாது, நன்றாகவே எழுந்தேன். கான் என்கிற வடிகாலுக்குள் வெறுங்காலோடு இறங்கியதுபோன்ற குளிரில் நான் முழங்காலில் நிற்பேன். முதலில் ஒரு சங்கீதம் சத்தமாக வாசிப்பேன். பிறகு சபையார் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லி ஜெபிப்பேன், லயம் என்கிற வரிசை வீடுகள் ஒவ்வொன்றாக, அதில் காம்பிரா காம்பிராவாக, அறை அறையாக. நோயாளிகள் பெயர் தனியாக, பிள்ளைத்தாச்சிகள் பெயர் தனியாக. தாளில் எழுதி வைப்பதில்லை, எல்லாம் மனப்பாடம். அதில் எனக்கு ஏகப்பட்ட பெருமை.

என் வீடு லயங்களிலிருந்து ஸ்டோருக்குப் போகும் பாதையில் இருந்தது. தேயிலை அரைக்கும் இடத்தை அங்கே ஸ்டோர் என்பார்கள். பாதையோரத்து வீடு என்பதால் ஆரம்பத்தில் ஆட்கள் கண்ட நேரத்தில் வந்து கதவைத் தட்டினார்கள். ஒருத்திக்கு ஊரிலிருந்து வந்த கடுதாசியை வாசித்துக் காட்ட வேண்டும். ஒருவனுடைய சேவலைப் பக்கத்துக் காம்பிராக்காரன் அடித்துவிட்டானாம். ஜெபத்தின் நடுவில் சேவல் வழக்கு! ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எழுந்து நின்று அறிவித்தேன். ஜன்னலில் விளக்கு எரிந்தால் நான் ஆண்டவருடைய சமுகத்தில் இருக்கிறேன், அந்த நேரம் யாரும் கதவைத் தட்டக்கூடாது என்றேன். ஒருவரும் முணுமுணுக்கவில்லை. "சரிங்கய்யா" என்று தலையாட்டிவிட்டுப் போனார்கள். ஜெபத்தின் மேல் எவ்வளவு பயபக்தி என்று நெகிழ்ந்துபோனேன்.

பயபக்தியெல்லாம் ஒன்றுமில்லை, தம்பிமாரே. அவர்களுக்கு அது பழக்கம். ஆபீசுக்குப் பின்னால் கணக்கப்பிள்ளை நிமிர்ந்து பார்க்கும்வரை நிற்பார்கள். பங்களாவின் பின்படியில் துரை வெளியே வரும்வரை நிற்பார்கள். பாதையில் பெரிய கங்காணி வந்தால் குடையை மடக்கிவிட்டுக் கானுக்குள் இறங்கி நிற்பார்கள். நிற்கச் சொன்னால் நிற்பது தாயின் வயிற்றிலேயே படித்த பாடம். அவர்கள் நிற்பதற்கு நான் இன்னும் ஓர் இடத்தைச் சேர்த்துக் கொடுத்தேன், அவ்வளவுதான். கொஞ்ச நாளில் என்னைக் கண்டாலும் கானுக்குள் இறங்க ஆரம்பித்தார்கள். "வேண்டாம், வேண்டாம்" என்று கையை ஆட்டுவேன். ஆனால் உள்ளுக்குள் இனித்தது. ஊழியக்காரன் என்ற பெயரை வைத்துக்கொண்டு அரைத் துரையாகிக்கொண்டிருந்தேன்.

அந்த வருஷத்துத் தென்மேற்கு மழை காற்றோடு வந்தது. ஒரு விடியற்காலை வழக்கம்போல விளக்கை ஏற்றிச் சங்கீதத்தை வாசித்துக்கொண்டிருந்தேன். வெளியே யாரோ இருமினார்கள்.

நிறுத்தினேன். மறுபடி ஓர் இருமல். சளி இருமல் இல்லை. தட்டக்கூடாது என்று உத்தரவு இருக்கும் கதவுக்கு முன்னால் நிற்கிறவன், நான் இங்கே இருக்கிறேன் என்று தெரிவிக்க இருமும் இருமல். ஆபீஸ் வாசலில் அதை நான் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன், சந்தேகத்துக்கு இடமே இல்லை. எழுந்து நாலு எட்டு வைத்தால் கதவு.

எழவில்லை. என் மனதில் அப்போது ஓடியதை அப்படியே சொல்கிறேன். 'இது சோதனை. இதற்கு இணங்கினால் நாளை சேவல் வழக்கு மறுபடி வரும்.' நான் குரலை உயர்த்தினேன். சங்கீதத்தை முடித்து, நோயாளிகள் பெயரைச் சொல்லி, பிள்ளைத்தாச்சிகள் பெயர்களைச் சொன்னேன். "பத்துக் காம்பிரா லயத்துச் சாராளை நினைத்தருளும்" என்றும் சொன்னேன். சாராளுக்கு மாதம் நெருங்கியிருந்தது, தினமும் சொல்கிற பெயர்தான். ஒரு பெயரையும் விடாமல் முடித்தேன். முடித்தபோது, இன்று சோதனையை ஜெயித்துவிட்டேன் என்று ஒரு சந்தோஷம் வந்தது. அந்தச் சந்தோஷத்தை நினைத்தால்தான் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

விளக்கை ஊதி அணைத்துவிட்டுக் கதவைத் திறந்தேன். கீழே பெரட்டுத் தப்பு அடிக்க ஆரம்பித்திருந்தது. வாசல் படிக்குக் கீழே, கூரைத் தண்ணீர் ஊற்றும் இடத்தில், தலையில் கம்பளியைப் போட்டுக்கொண்டு ஞானமுத்து நின்றான். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிறவன், நம் சபையான், சாராளின் புருஷன். பற்கள் கிடுகிடுவென்று அடித்தன.

"என்னப்பா?"

"சாராளுக்கு ராவுலேர்ந்து வலிங்கய்யா. புள்ள குறுக்கால கெடக்குன்னு மருத்துவச்சி சொல்லுது. இனி எங்கையில இல்ல, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன்னுட்டா. டாக்டரய்யா கீழ்த்தோட்டத்துக்குப் போயிட்டாரு. லொறில ஏத்திவிடணுங்க. ஐயா ஒரு வார்த்தை சொன்னா ட்ரைவர் ஏத்திக்குவாரு."

ஸ்டோர் லொறி விடியலில் ஹட்டன் ஸ்டேஷனுக்கு இறங்கும். அந்த நாட்களில் பெட்ரோல் செலவைக் குறைக்க வேண்டும் என்று அதில் தேயிலைப் பெட்டியைத் தவிர ஆள் ஏற்றக்கூடாது என்று உத்தரவு. துரை என்னை மட்டும் அதில் போக விட்டிருந்தார். நான் யாரையாவது காட்டினால் ட்ரைவர் மறுக்க மாட்டார். அது தோட்டத்துக்கே தெரியும்.

"வா, வா" என்று செருப்பைக்கூட மாட்டாமல் இறங்கினேன். ஞானமுத்து நகரவில்லை.

"லொறி போயிருச்சுங்கய்யா. இப்பத்தான், நீங்க வெளக்கை அமத்துறதுக்குக் கொஞ்சம் முந்தி."

காதைக் கொடுத்துக் கேட்டேன். மலைக்குக் கீழே, இரண்டு வளைவுக்கு அப்பால், லொறி முனகிக்கொண்டு இறங்கும் சத்தம் மழைக்குள் கேட்டது.

"ஏன்பா கதவைத் தட்டல?" என்று கத்தினேன். ஆமாம், கத்தினேன். அவனைத்தான்.

"ஐயா ஜெபத்துல இருந்தீங்க."

அப்போது என் வாய் தானாக ஒன்றைச் சொன்னது. "நீ வந்து நின்னது எனக்குக் கேக்கவே இல்லியேப்பா."

ஞானமுத்து கம்பளியை இழுத்துவிட்டுக்கொண்டு லயத்துப் பக்கம் ஓடினான்.

நாலு பேர் அன்றைய பேரை விட்டுவிட்டு, அதாவது ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு, சாராளைக் கம்பளியில் கிடத்தி மூங்கிலில் கட்டித் தூக்கிக்கொண்டு குறுக்குப் பாதையில் ஹட்டன் பக்கம் இறங்கினார்கள். நான் அவர்களோடு இறங்குவதா, மேலே பங்களாவுக்கு ஓடித் துரையிடம் கார் கேட்பதா? கார் கிடைத்தால் வழியிலேயே பிடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டு மேலே ஓடினேன். அந்தக் கணக்கு சரிதான். ஆனால் பங்களாவின் பின்படியில் சமையல்கார அப்பு கையைக் குறுக்கே நீட்டினார்.

"தொர இன்னும் எழும்பலிங்க. நில்லுங்க."

நின்றேன். சாகக் கிடக்கிற பெண்ணின் பெயரைச் சொல்லிக்கூட அவரைத் தாண்டிப் போக எனக்குக் கால் வரவில்லை. எழுப்பச் சொல்லி இரண்டு முறை கெஞ்சினேன், மூன்றாவது முறை கெஞ்ச வெட்கமாக இருந்தது. இருமக்கூடத் துணியவில்லை. கூரைத் தண்ணீர் தோளில் ஊற்றியது. அங்கே நிற்கும்போதுதான் ஞானமுத்து எவ்வளவு நேரம் நின்றிருப்பான் என்று உடம்புக்குப் புரிந்தது.

துரை தேநீருக்கு எழுந்து வந்தார். விஷயத்தைக் கேட்டதும் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டே காரை எடுக்கச் சொன்னார். பிறகு என்னைப் பார்த்துத் தனக்குத் தெரிந்த தமிழில் கத்தினார். "ஏன் என்னை எழுப்பல, மேன்?" 

பாதி வழியில், குறுக்குப் பாதை ரோட்டில் சேரும் இடத்தில், கார் அவர்களைப் பிடித்தது. சாராள் பிழைத்துக்கொண்டாள். பிள்ளை பிழைக்கவில்லை. ஆண்பிள்ளை. கொஞ்சம் முந்திக் கொண்டுவந்திருந்தால் என்று ஆஸ்பத்திரி டாக்டர் ஆரம்பித்தார், ஞானமுத்துவின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். லொறி ட்ரைவர் சிங்களவர், நல்ல மனுஷன். செய்தி தெரிந்து ஸ்டேஷனிலிருந்து நேரே வந்தார். "ஐயா ஒரு சொல்லு சொன்னா நான் நிப்பாட்டித்தானே இருப்பேன்" என்று தலையில் அடித்துக்கொண்டார். அவரிடமும் எனக்குக் கேட்கவில்லை என்றேன். இரண்டாவது பொய் முதல் பொய்யைவிட லேசாக வந்தது.

மறுநாள் விடியலில் மறுபடி முழங்காலில் இருந்தேன். ஜெபமா அது, வாய் மட்டும் அசைந்துகொண்டிருந்தது. இருமல் இல்லை, ஒன்றும் இல்லை. ஏனோ மனசு கேட்காமல் எழுந்து கதவைத் திறந்தேன். அதே இடத்தில் ஞானமுத்து நின்றான். ஸ்டோர் தச்சன் தேயிலைப் பெட்டிப் பலகையில் அடித்துக் கொடுத்த சின்னப் பெட்டி அவன் கையில். அது நனையாமல் கம்பளியை அதன்மேல் போட்டிருந்தான். பெரட்டுக்கு முன் அடக்கம் செய்தால் கூட வருகிறவர்களுக்குப் பேர் போகாது, அதற்காக வெள்ளென வந்திருக்கிறான்.

"உள்ள வாப்பா, ஏன் நிக்கிற" என்றேன். 

அவன் ஜன்னலைப் பார்த்தான். விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"பரவாயில்லிங்கய்யா. நீங்க முடிச்சிட்டு வாங்க. நாங்க நிக்கிறோம்."

நாங்க என்றது அவனையும் அந்தப் பெட்டியையும். அடக்க ஜெபத்தில் என்ன சொன்னேன் என்று எனக்கு நினைவில்லை. அன்றைக்கே ஜன்னல் விளக்கை எடுத்து உள்ளே வைத்துவிட்டேன். அன்றிலிருந்து கதவையும் திறந்து வைக்கிறேன். அதைக் கட்டுப்பாடு என்று நீங்கள் சொல்கிறீர்கள்.

சில வாரங்கள் கழித்துத் திருவிருந்து கொடுக்கக் குருவானவர் வந்தார். ஆராதனை முடிந்து எல்லோரும் நிற்கும்போது ஒரு கங்காணி அவரிடம் பெருமையாகச் சொன்னார். "நம்ம உபதேசியாரு ஜெபத்துல ஒக்காந்தாருன்னா இடி விழுந்தாலும் காதுல விழாதுங்க. அன்னிக்கு ஞானமுத்து வந்து நின்னதுகூட அவருக்குத் தெரியாது." சுற்றி நின்றவர்கள் ஆமாம் ஆமாம் என்றார்கள். நான் குனிந்துகொண்டேன். அதையும் தாழ்மை என்று எடுத்துக்கொண்டார்கள்! ஞானமுத்து அந்தக் கூட்டத்தில்தான் நின்றான். அவன் மட்டும் தலையாட்டவில்லை.

குருவானவரை அடுத்த தோட்டத்துக்கு வழியனுப்பப் போகும்போது தாங்க முடியாமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். இருமலைக் கேட்டது, குரலை உயர்த்தியது, கேட்கவில்லை என்று சொன்னது. அழுதேன். அவர் தோளில் தட்டிக் கொடுப்பார், ஒரு வசனம் சொல்வார், மன்னிப்பு உண்டு என்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் பாதையில் நின்றார்.

"இதை ஞானமுத்துகிட்ட சொல்லிட்டீங்களா?"

"இல்லீங்கய்யா."

"அப்போ எங்கிட்ட ஏன் சொல்றீங்க?"

என் கையிலிருந்த தன் பையை வாங்கிக்கொண்டு, "நீங்க திரும்பிப் போங்க" என்று சொல்லிவிட்டு அவர் பாட்டுக்கு நடந்தார். அப்போது எனக்குக் கோபம்கூட வந்தது. அழுகிறவனிடம் இப்படியா பேசுவது என்று நினைத்தேன். ஆண்டவரிடம் அறிக்கை செய்வது எனக்குப் பழகிப்போயிருந்தது, அவர் எதிரே நின்று என் முகத்தைப் பார்ப்பதில்லையே. குருவானவரிடம் அறிக்கை செய்வதும் முடிந்தது, அவர் என்னைவிடப் பெரியவர், அவர் முன்னால் அழுதால் எனக்கு மரியாதை குறையாது. கவ்வாத்துக் கத்தியோடு நிற்கிற ஒரு கூலிக்காரனிடம், உன் இருமல் எனக்குக் கேட்டது என்று சொல்ல வேண்டுமே, அங்கேதான் நாக்கு ஒட்டிக்கொண்டது.

நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டேன். மழை விட்டு வெயில் வந்துவிட்டது. கவ்வாத்து மலையில் வேலை நடந்துகொண்டிருந்த ஒரு மத்தியானம் ஒருவழியாக ஏறிப் போனேன். ஆட்கள் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். ஞானமுத்து தனியாக, வெட்டிப்போட்ட வாதுகள் மேல் உட்கார்ந்து ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் எழுந்து நின்றான்.

"உக்காரு" என்றேன். உட்காரவில்லை. நானும் நின்றபடியே சொன்னேன். நீளமாகச் சொல்ல நினைத்து வைத்திருந்த எதுவும் வரவில்லை. "ஞானமுத்து, அன்னிக்கு எனக்குக் கேட்டுச்சு. நீ இருமுனது. கேட்டுட்டும் நான் எழும்பல. கேக்கலன்னு ஒங்கிட்ட பொய் சொன்னேன்."

அவன் கையில் இருந்த ரொட்டித் துண்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"தெரியுங்கய்யா" என்றான்.

"எப்படிப்பா?" என்றேன்.

"நான் இருமுனப்ப நீங்க படிக்கிறத நிப்பாட்டுனீங்க. பொறகு சத்தமா ஆரம்பிச்சீங்க. லொறிய வேற ஸ்டார்ட்டு பண்ணிட்டான். சரி, ஐயா வஞ்சாலும் வஞ்சிட்டுப் போறாருன்னு கதவைத் தட்டக் கையத் தூக்கிட்டேங்க. அந்நேரம் பாத்து நீங்க உள்ளாற சாராள் பேரச் சொன்னீங்க."

அவன் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நான் கொஞ்சம் தாங்கியிருப்பேன்.

"ஐயாவுக்கு விசயம் தெரிஞ்சிருச்சு, ஆண்டவரே சொல்லிட்டாரு, அதான் இம்புட்டுச் சத்தமா எங்களுக்காகக் கேக்குறாருன்னு நெனச்சேன். கைய எறக்கிட்டேங்க. இல்லாட்டித் தட்டியிருப்பேன்."